லாரிக்கு எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் 2014-இல் வாங்கிய பத்துச் சக்கர லாரி ஒன்று உள்ளது. போகும்போது சிமென்ட், திரும்பும்போது கிடைக்கிற லோடு என ஆண்டுக்கு ஏறக்குறைய 1,20,000 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டர் 300 ரூபாய்க்கு மினரல் ஆயில் வாங்கி, 16 லிட்டர் ஊற்றி, 20,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றி வருகிறேன். ஒவ்வொரு முறையும் ஃபில்டருக்கு 1,500 ரூபாய் ஆகிறது. லிட்டர் 600 ரூபாய் விலையுள்ள சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் 40,000 கிலோமீட்டர் தாங்கும், செலவும் குறையும் என்கிறார் கடைக்காரர். வண்டி 5,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. அவர் சொல்வதை நம்பலாமா?
(சங்ககிரி வாசகர்)

பதில்: நீங்கள் எல்லா எண்களையும் கொடுத்துவிட்டதால் கணக்கிலிருந்தே தொடங்கலாம். இப்போது ஆண்டுக்கு ஆறு முறை ஆயில் மாற்றுகிறீர்கள். ஆயிலுக்கு 28,800 ரூபாய், ஃபில்டருக்கு 9,000 ரூபாய், ஆக 37,800 ரூபாய். சிந்தெடிக்குக்கு மாறி 40,000 கிலோமீட்டர் ஓட்டினால் மூன்று முறைதான் மாற்ற வேண்டியிருக்கும். ஆயிலுக்கு அதே 28,800 ரூபாய் ஆகும், ஃபில்டர் செலவு மட்டும் 4,500 ரூபாயாகக் குறையும். கடைக்காரர் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திக்கொள்கிறார். ஆனால் உங்கள் வண்டி குடிக்கும் ஆயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 24 லிட்டர் டாப்-அப் என்றால் மினரலில் 7,200 ரூபாய், சிந்தெடிக்கில் 14,400 ரூபாய். மொத்தமாகப் பார்க்கும்போது மினரலுக்கு 45,000 ரூபாயும் சிந்தெடிக்குக்கு 47,700 ரூபாயும் ஆகின்றன. மிச்சமாக வேண்டிய 4,500 ரூபாயை டாப்-அப் தின்றுவிட்டு, மேலும் 2,700 ரூபாயைக் கையிலிருந்து பிடுங்குகிறது. மூன்று முறை பட்டறையில் நிற்பது மிச்சமாகிறது என்பதை உங்கள் ஒரு நாள் வருமானத்தோடு பெருக்கிப் பார்த்தால் தராசு சிந்தெடிக் பக்கம் சற்றுச் சாயலாம். அப்போதும், 40,000 கிலோமீட்டர் தாங்கும் என்பது உண்மையாக இருந்தால்தான் இந்தக் கணக்கே நிற்கும். சிந்தெடிக்கை ஊற்றிவிட்டு, மனம் கேட்காமல் 20,000-இலேயே மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆண்டுச் செலவு 81,000 ரூபாய் வரும்.

‘சிந்தெடிக்’ என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். ஆயிலின் மூலப்பொருளான அடிப்படை எண்ணெய்களை ஐந்து குரூப்களாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டும் கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரிக்கப்பட்டவை, மினரல் என்பது இவற்றைத்தான். மூன்றாவது குரூப்பும் கச்சா எண்ணெயிலிருந்தே வருகிறது. ஆனால் உயர்ந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஹைட்ரஜனைச் செலுத்தி அதன் மூலக்கூறுகளையே மாற்றியமைத்துவிடுகிறார்கள். நான்காவது குரூப்பான பி.ஏ.ஓ. என்பது சிறு மூலக்கூறுகளை இணைத்துத் தொழிற்சாலையில் கட்டி எழுப்பிய எண்ணெய். எஸ்டர் போன்ற மற்றவை ஐந்தாவது குரூப்பில் வருகின்றன. மூன்றாவது குரூப்பைச் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபில் நிறுவனத்துக்கும் காஸ்ட்ரால் நிறுவனத்துக்கும் தகராறு மூண்டு, 1999-இல் அந்த நாட்டு விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாக முடிவு சொன்னது. அதன் பிறகு டின்னின் மேலுள்ள அந்தச் சொல் சந்தைப் பெயராகவே ஆகிவிட்டது. ஆயிலின் தரத்தை அறிய அதைப் பார்த்துப் பயனில்லை. டின்னின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தர வகையையும், ஆயில் எவ்வளவு கெட்டியானது என்று காட்டும் பாகுநிலை எண்ணையும்தான் பார்க்க வேண்டும்.

சிந்தெடிக்கின் உண்மையான பலங்கள் இரண்டு. கடுங்குளிரிலும் இறுகாமல் ஓடுவது ஒன்று. வெப்பத்தில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையாமலும் ஆவியாகாமலும் இருப்பது மற்றொன்று. 15டபிள்யூ-40 என்ற பாகுநிலை எண்ணில் 40 என்பது சூடான நிலையில் ஆயிலின் கெட்டித்தன்மையையும், ‘டபிள்யூ’ குளிர்காலத்தையும் குறிக்கின்றன. மைனஸ் 20 டிகிரியிலும் இன்ஜினைச் சுழற்ற முடியும் அளவுக்கு ஆயில் இளகியிருக்கும் என்பதற்கான உறுதி 15டபிள்யூ. குளிர்காலத்தில் லடாக் பக்கம் போகும் வண்டிக்கு 5டபிள்யூ தேவைப்படலாம், சங்ககிரிக்கு ஒருபோதும் தேவைப்படாது. இரண்டாவது பலம் நமக்கு உதவக்கூடியதுதான். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆக்சிஜனேற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. ஆகவே சித்திரை வெயிலில் முழு லோடோடு தொப்பூர்க் கணவாய் ஏறும் வண்டியின் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி) பேரிங்கில் நல்ல சிந்தெடிக் ஆயில் நெடுங்காலம் கருகாமல் இருக்கும். ஆனால் லாரி ஆயில் கெடுவதற்கு வெப்பத்தோடு கரி, தூசி, ஆயிலில் கலக்கும் டீசல் ஆகியவையும் காரணமாகின்றன. இவை மூன்றும் அடிப்படை எண்ணெய் எது என்று பார்த்து வருவதில்லை.

உங்கள் வண்டிக்கு நான் சொல்வது இதுதான். கையேட்டில் சொல்லப்பட்ட 15டபிள்யூ-40 பாகுநிலையிலேயே, ஏ.பி.ஐ. சி.ஐ-4 பிளஸ் அல்லது சி.கே-4 வகை மினரல் ஆயிலைத் தொடருங்கள். சிந்தெடிக்குக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் முதலில் ஏர் ஃபில்டரைக் கவனியுங்கள். சிமென்ட் ஏற்றும் இடங்களில் தூசி மூட்டமாக நிற்கும். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸில் ஒரு விரிசலோ, தளர்ந்த கிளிப்போ இருந்தால், அதன் வழியே போகும் மண் சிலிண்டரின் உட்சுவரான லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் அரைத்துவிடும், எந்த விலை ஆயிலாலும் அதைத் தடுக்க இயலாது. டயர்க் கடைக் கம்ப்ரஸரின் முழு அழுத்தத்தில் ஃபில்டர் தாளை ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் தாள் கிழிந்துபோகும்.

உங்களுக்குச் சாதகமான செய்தியும் ஒன்று உண்டு. உங்கள் வண்டி வந்த காலத்தில் நாட்டின் பெரும்பகுதியில் கிடைத்த டீசலில் 350 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 350 பங்கு) வரை கந்தகம் இருக்கலாம் என்பது விதி. 2020 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 10 பி.பி.எம். ஆகிவிட்டது. கந்தகம் எரிந்து உண்டாகும் அமிலத்தை முறிப்பதற்காக ஆயிலில் சேர்க்கப்படும் காரம் இப்போது முன்போல விரைவாகத் தீருவதில்லை. எனவே மினரல் ஆயிலிலேயே 20,000 என்பதை 25,000 ஆக்க வாய்ப்பு இருக்கிறது. ஆய்வகப் பரிசோதனை இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம். அதன் விவரத்தை நாமக்கல் வாசகருக்கான பதிலில் காணலாம்.

கேள்வி: ஆயில் மாற்றி 2,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் மை போலக் கறுத்திருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
(திருச்சி ஓட்டுநர்)

பதில்: கறுப்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. டீசல் எரியும்போது உண்டாகும் கரி ஆயிலில் இறங்கத்தான் செய்யும். அந்தக் கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தனித்தனியாக மிதக்க வைப்பதே ஆயிலின் வேலைகளில் ஒன்று. பழைய டீசல் இன்ஜினில் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் ஆயில் தேன் நிறத்தில் இருக்கிறது என்றால் எனக்கு அந்த ஆயில் மீதுதான் சந்தேகம் வரும். இரு விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்து ‘பிசுக்கு போய்விட்டது’ என்று சொல்வதும் பயன்படாது. பட்டறைச் சூட்டில் எந்த ஆயிலும் நீர்த்தே தெரியும்.

நிறத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆயில் பால் விட்ட காபி போல ஆகியிருந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்திருக்கிறது என்று பொருள். ஹெட் கேஸ்கட், லைனர் ஓ-ரிங், ஆயில் கூலர் ஆகிய மூன்றில் ஒன்றில் கசிவு இருக்கலாம். அந்த நிலையில் அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், கிராங்க் பேரிங் போய்விடும். மற்றபடி எளிய சோதனை ஒன்று இருக்கிறது. சூடான ஆயிலில் ஒரு சொட்டை வடிகட்டும் தாளில் விட்டு, ஓர் இரவு வைத்திருங்கள். கறை நடுவிலிருந்து விளிம்பு வரை படிப்படியாக மங்கிப் பரவியிருந்தால் ஆயில் இன்னும் வேலை செய்கிறது. நடுவில் அடர்ந்த கறுப்பு வட்டம் கூர்மையான விளிம்போடு நின்றுவிட்டு, சுற்றிலும் வெறும் எண்ணெய் மட்டும் பரவியிருந்தால், கரியைத் தாங்கும் சக்தி தீர்ந்துவிட்டது, மாற்றிவிட வேண்டியதுதான்.

கேள்வி: எங்களிடம் 2021-இல் வாங்கிய பி.எஸ்-6 (புதிய புகை விதிக்கு உட்பட்ட) கன்டெய்னர் லாரி உள்ளது. வாரண்டி முடிந்தபின் வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்கிறோம். பழைய வண்டிகளுக்கு ஊற்றும் அதே சி.ஐ-4 பிளஸ் ஆயிலை இதற்கும் ஊற்றலாம், இரண்டும் 15டபிள்யூ-40தானே என்கிறார் மெக்கானிக்.
(தூத்துக்குடி வாசகர்)

பதில்: ஊற்றாதீர்கள். 15டபிள்யூ-40 என்பது பாகுநிலையை மட்டுமே சொல்கிறது. ஆயிலில் கலந்துள்ள சேர்மங்களைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. உங்கள் வண்டியின் புகைப்போக்கியில் கரி வடிகட்டி உள்ளது. இன்ஜின் குடிக்கும் ஆயில் எரியும்போது அதிலுள்ள கால்சியம் போன்ற உலோகச் சேர்மங்கள் சாம்பலாகி அந்த வடிகட்டியில் தங்குகின்றன. கரியை வண்டியே அவ்வப்போது சூடேற்றி எரித்துவிடும், சாம்பலை எரிக்க முடியாது. வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும், அதன் விலை எத்தனையோ ஆயில் சர்வீஸுக்குச் சமம். இதற்காகவே 2006-இல் வந்த சி.ஜே-4, 2016 இறுதியில் வந்த சி.கே-4 ஆகிய வகைகளில் சல்ஃபேட் சாம்பலின் அளவு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தார்கள். சி.ஐ-4 வகைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே சி.கே-4 என்றோ, வண்டித் தயாரிப்பாளர் கையேட்டில் தந்துள்ள குறியீட்டையோ கேட்டு வாங்குங்கள். சி.கே-4 உடன் சேர்ந்து வெளியான எஃப்.ஏ-4 என்ற வகை வேறு. அது மிக மெல்லியது, கையேடு அனுமதித்தாலன்றி அதைத் தொட வேண்டாம்.

உங்கள் வண்டிக்கு டிப் ஸ்டிக் பார்க்கும் வழக்கத்தையும் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஆயில் குறைகிறதா என்று பார்த்துத்தான் நமக்குப் பழக்கம். ஆனால் சில பி.எஸ்-6 இன்ஜின்களில் கரியை எரிப்பதற்காகச் சிலிண்டருக்குள் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் ஒரு பகுதி லைனர் வழியே வழிந்து ஆயிலில் கலந்துவிடும். ஆயில் மட்டம் தானாக உயர்ந்தால் ‘நம் வண்டி ஆயிலே குடிப்பதில்லை’ என்று மகிழ்ச்சியடைய வேண்டாம். உள்ளே டீசல் சேர்ந்து ஆயில் நீர்த்திருக்கிறது. மட்டம் மேல்கோட்டைத் தாண்டினால் கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் மாற்றிவிட்டு, கரி எரிப்பு சரியாக முடிகிறதா, பாதியில் வண்டியை நிறுத்திவிடுகிறார்களா என்றும் ஓட்டுநரிடம் விசாரியுங்கள்.

சிந்தெடிக் உண்மையிலேயே பணம் மிச்சப்படுத்தும் இடமும் இத்தகைய புதிய வண்டிதான். கையேடு 10டபிள்யூ-30 அல்லது 5டபிள்யூ-30 ஆயிலை அனுமதித்தால், 15டபிள்யூ-40-இலிருந்து அதற்கு மாறுவதால் டீசல் 0.5 முதல் 1.5 சதவீதம் வரை மிச்சமாகும் என்று வட அமெரிக்கச் சரக்கு வாகனத் திறன் மன்றம் மதிப்பிட்டுள்ளது. ஆண்டுக்கு 1,20,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 30,000 லிட்டர் டீசல் ஆகிறது. அதில் 1 சதவீதம் 300 லிட்டர், லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 27,600 ரூபாய். ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டி யாரும் இவ்வளவு சேமிக்க முடியாது. கையேடு 40 கிரேடுதான் என்று சொல்லியிருந்தால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள், மெல்லிய ஆயிலின் படலம் அந்த பேரிங்குகளுக்குப் போதாது.

கேள்வி: போர் போடும் எங்கள் ரிக் வண்டி மாதத்துக்கு 1,500 கிலோமீட்டர்தான் நகர்கிறது, ஆனால் பி.டி.ஓ. என்ற இணைப்பு வழியாக வண்டியின் இன்ஜினிலிருந்தே சக்தி எடுப்பதால் இன்ஜின் மாதம் 200 மணி நேரம் ஓடுகிறது. 20,000 கிலோமீட்டர் ஆகும்வரை ஆயில் மாற்றாமல் இருக்கலாமா?
(திருச்செங்கோடு வாசகர்)

பதில்: கூடாது. 20,000 கிலோமீட்டர் ஆவதற்கு உங்களுக்குப் பதின்மூன்று மாதங்களுக்கு மேல் ஆகும், அதற்குள் இன்ஜின் 2,600 மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். நின்றபடி ஓடும் ஒரு மணி நேரத்தை ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குச் சமமாகக் கொள்வது பொதுவான வழக்கம். அப்படிப் பார்த்தால் ஒரே ஆயிலில் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியதாக ஆகிவிடும். போர் போடும் இடத்தில் பறக்கும் பாறைத்தூளை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. ஹவர் மீட்டர் இல்லாவிட்டால் ஒன்றைப் பொருத்திக்கொண்டு, கையேட்டில் மணிக்கணக்கு தரப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையெனில் பழைய இன்ஜினுக்கு 250 மணி நேரம், நல்ல நிலையிலுள்ள இன்ஜினுக்கு அதிகபட்சம் 500 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். கம்ப்ரஸருக்கென்று தனி இன்ஜின் இருந்தால் அதற்கும் தனிக் குறிப்பேடு வேண்டும்.

கேள்வி: வழியில் ஆயில் குறைந்து, நான் ஊற்றும் சிந்தெடிக் கிடைக்காவிட்டால் மினரல் ஆயிலைக் கலக்கலாமா?
(ஓசூர் வாசகர்)

பதில்: கலக்கலாம். ஏ.பி.ஐ. வகை அதுவாகவோ அதற்கு மேலானதாகவோ இருக்கட்டும், பாகுநிலை எண்ணும் ஒத்திருக்கட்டும். குறைந்த ஆயிலோடு ஓட்டுவதைவிடக் கலந்த ஆயிலோடு ஓட்டுவது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அந்த முறை நீட்டித்த இடைவெளியை மறந்துவிட்டு, மினரலுக்கு உரிய கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எட்டு லாரிகள் வைத்திருக்கிறேன். ஆயிலைப் பரிசோதனைக்கு அனுப்பி இடைவெளியை முடிவு செய்யலாம் என்கிறார்கள். எப்படி அனுப்புவது, வரும் அறிக்கையை எப்படிப் படிப்பது?
(நாமக்கல் வாசகர்)

பதில்: பெரிய ஆயில் நிறுவனங்கள் மொத்தமாக வாங்குபவர்களுக்கு இந்த வசதியைத் தருகின்றன, தனியார் ஆய்வகங்களும் உள்ளன. எட்டு வண்டிகளையும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டியதில்லை. ஒரே மாடல், ஒரே தடத்தில் ஓடும் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடி வந்து நின்ற சூட்டிலேயே டிரெயின் போல்ட்டைக் கழற்றி, முதலில் வரும் கசடை வழியவிட்டு, நடுவில் ஓடும் ஆயிலில் 100 மில்லியைச் சுத்தமான உலர்ந்த புட்டியில் பிடியுங்கள். காலித் தண்ணீர் பாட்டிலில் பிடித்தால் அதிலுள்ள ஈரம் கூலன்ட் கசிவு போலத் தோன்றி உங்களை வீணாக அலைக்கழிக்கும். இந்த ஆயிலில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, இடையில் எத்தனை லிட்டர் டாப்-அப் செய்தீர்கள், ஆயிலின் பெயர் என்ன என்று புட்டியில் எழுதுங்கள். ஊற்றாத புதிய ஆயிலிலும் ஒரு புட்டி அனுப்ப வேண்டும். ஒப்பிட அது இல்லாவிட்டால் அறிக்கையில் பாதி வீண்.

அறிக்கையில் முதலில் பாகுநிலையைப் பாருங்கள். 40 கிரேடு ஆயில் 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் (பாகுநிலையின் அலகு) வரைக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கியிருந்தால் பெரும்பாலும் டீசல் கலந்திருக்கும், மேலே ஏறியிருந்தால் கரியோ ஆக்சிஜனேற்றமோ அதிகம். அடுத்து டி.பி.என். எனப்படும் காரத்தன்மை. புதிய ஆயிலில் இருந்ததில் பாதிக்குக் கீழே போனால் அதுவே மாற்ற வேண்டிய எல்லை. பிறகு உலோகங்கள். இரும்பு கூடினால் லைனர், குரோமியம் என்றால் ரிங், அலுமினியம் என்றால் பிஸ்டன், ஈயமும் செம்பும் என்றால் பேரிங், புஷ் ஆகியவற்றின் தேய்மானம். தூசியைக் காட்டும் சிலிக்கான் உயர்ந்து அதோடு இரும்பும் சேர்ந்து உயர்ந்திருந்தால், ஆயிலைக் குறை சொல்லாமல் ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். சோடியமும் பொட்டாசியமும் தென்பட்டால் கூலன்ட் கசிகிறது.

ஒரே அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு முறை 20,000-இல் எடுத்த அறிக்கை நன்றாக இருந்தால் 25,000-க்குப் போங்கள், அங்கும் நன்றாக இருந்தால் 30,000. இப்படி 5,000, 5,000 ஆக ஏறும்போது எந்த இடத்தில் இரும்பு திடீரென்று தாவுகிறதோ அதற்கு ஒரு படி கீழே நின்றுவிடலாம். டாப்-அப் அதிகம் செய்யும் வண்டியின் அறிக்கை எப்போதும் அழகாகவே வரும். புதிய ஆயில் ஊற்ற ஊற்றக் காரம் புதுப்பிக்கப்பட்டு, உலோக அளவும் நீர்த்துப்போவதே காரணம். அந்த அழகில் மயங்கி இடைவெளியை நீட்டாதீர்கள்.

கேள்வி: கழற்றிய பழைய ஆயிலையும் காலி டின்களையும் பட்டறையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். அது சரிதானா?
(கரூர் வாசகர்)

பதில்: பழைய ஆயில் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குத்தான் அது போய்ச் சேர வேண்டும். சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும், லாரி சேஸிஸில் துரு பிடிக்காமல் அடிக்கவும் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. தேய்ந்த உலோகமும் கரியும் கலந்த அந்த எண்ணெய் மழையில் கழுவப்பட்டு மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். சேஸிஸில் உள்ள ரப்பர் புஷ்களையும் அது ஊற வைத்துக் கெடுத்துவிடும்.

காலி டின் விஷயத்தில் உங்கள் சொந்த நலனே அடங்கியிருக்கிறது. நல்ல நிலையிலுள்ள டின்னும் மூடியும் போலி ஆயில் நிரப்புகிறவர்களிடம் போய், அடுத்த மாதம் உங்களிடமே விலைக்கு வரலாம். ஆயிலை உங்கள் முன்னால் சீல் உடைத்து ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றி முடிந்ததும் ஸ்க்ரூ டிரைவரால் டின்னின் அடியில் இரண்டு ஓட்டை போட்டு, மூடியைத் தனியாக எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.